பெரட்டும் விண்ணப்பமும்

ஆள் வந்தால் ஒன்று, வராவிட்டால் சுழி, பாதியில் போனால் அரை. இம்மூன்றையும் மாற்றி மாற்றி எழுதிப் பிழைப்பதுதான் தோட்டத்துக் கிராணியின் உத்தியோகம் என்று நம் தந்தையார் அடிக்கடி சொல்வார். அவர் முப்பத்தொரு வருஷம் பால்மரம் வெட்டியவர். தம் பேருக்கு நேரே ஒன்றும் அரையும் சுழியும் விழக் கண்டவர். நாமோ பதினொரு வருஷமாக அவற்றைப் போட்டு வருகிறவர்கள். ஆகையால் வேலைக்கு வருதல், வராதிருத்தல் என்னும் விஷயத்தில் இருபுறமும் நின்று பேசும் தகுதி நம் குடும்பத்துக்கு உண்டென்பதை நேயர்கள் ஒப்புவார்களென நம்புகிறோம்.

பட்டணத்துக் காரியாலயங்களிலே இந்நாளில் இதே விஷயம் பெரும் பேச்சாயிருக்கிறது. வாரத்தில் சில நாள் காரியாலயம், சில நாள் வீடு என்று பகிர்ந்துகொண்டு வேலை செய்வதைக் கலப்பு வேலை முறை என்கிறார்கள். எத்தனை நாள் வரவேண்டும், யார் வரவேண்டும், வந்ததை எப்படி அறிவது என்பனபற்றிச் சுற்றறிக்கைமேல் சுற்றறிக்கை பிறக்கிறது. இவற்றைப் படிக்குந்தோறும் நமக்கு ஒரு புன்னகை உண்டாகும். வருகையை எண்ணும் வித்தையைப் பட்டணத்தார் இப்பொழுதுதான் கற்கிறார்கள். தோட்டத்திலோ அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழஞ்சரக்கு.

தோட்டத்தை அறியாத பட்டண நேயர்களுக்காகப் பெரட்டைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். விடியுமுன், இருள் பிரியாத வேளையிலே, காரியாலயத்துக்கு முன்னுள்ள களத்தில் ஆட்களெல்லாரும் வரிசையாய் நிற்பார்கள். மண்டோர்கள் தத்தம் ஆட்களுக்கு முன்னே நிற்பார்கள். கிராணி பேர் வாசிப்பார். ஆள் குரல் கொடுப்பார். குரல் கேட்டால் பேர் விழும். பேர் விழுந்தால் கூலி. விழாவிட்டால் அன்றைய அடுப்பு சந்தேகம். நம் தந்தையார் காலத்தில் தகரக் கூரையின்கீழ் ஒற்றை விளக்கு; பனியிலே தலைத்துண்டு; பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவரும் தாய்மார். வாசித்து முடித்த பேர் மறுபடி வாசிக்கப்படுவதில்லை. கடைசிப் பேருக்குப் பின் வந்தவர் களத்தின் ஓரத்தில் நின்று கிராணியின் முகத்தைப் பார்ப்பார். கிராணி புத்தகத்தைப் பார்ப்பார். அவ்வளவே விசாரணை.

இப்பொழுது பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வரிசையில் நிற்பவர்களுள் நம்மவர் சிலர். இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் பலர். செக்ரோல் புத்தகம் கணினிக்குள் புகுந்துகொண்டது. மண்டோரின் கையிலுள்ள தொலைபேசியில் முகத்தைக் காட்டினால் பேர் விழுந்துவிடுகிறது. எந்த நிமிஷத்தில், எந்த இடத்தில் விழுந்தது என்பதும் அதிலேயே பதிவாகிறது. இத்தனை மாறியும் பெரட்டு மாறவில்லை. எங்கே நின்றாலும் பேர் போடக்கூடிய கருவியைக் கையிலே வைத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு அதே களத்தில் வந்து நில்லுங்கள் என்று சொல்லுகிறோம்.

வருகைக்கும் கூலிக்கும் உள்ள கட்டு அவ்வளவு பழையது. நாட்கூலிக் கணக்கில் தோட்டத்தில் வேலை செய்வோருக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்கவேண்டும், கொடுக்க இயலாவிடில் அந்நாட்களுக்குரிய கூலியையாவது கொடுக்கவேண்டும் என்று 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டம் விதித்தது. நல்ல விதிதான். ஆயினும் அதன் மறுபக்கத்தையும் ஆட்கள் அறிவார்கள்: கொடுத்த நாளில் வந்து நின்றால்தான் கணக்கு. அரசாங்கக் காரியாலயங்களில் 1980-களின் தொடக்கத்தில் நேரம் பதிக்கும் அட்டை வந்தபோது உத்தியோகஸ்தர் பலர் மனம் புழுங்கினராம். பிரதமராயிருந்த டாக்டர் மகாதீரும் தம் அட்டையைத் தாமே பதித்தார். அக்காலத்தில் நம் பாட்டனார், ‘அவர்களுக்கும் பெரட்டு வந்துவிட்டதா?’ என்று கேட்டுச் சிரித்தாராம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடைகள் அடைந்தன, பள்ளிகள் அடைந்தன. செம்பனைத் தோட்டங்கள் பல, அனுமதி பெற்று இயங்கின. குலை மரத்தில் பழுத்துவிட்டால் அதற்கு ஆணை தெரியாதல்லவா? எங்கள் தோட்டத்திலும் குலை வெட்டுவோர் முகமூடியணிந்து காட்டுக்குப் போனார்கள். பெரட்டுக் களத்தில் கூட்டம் கூடலாகாதென்று, முதன்முறையாக, மண்டோர்கள் நிரைக்கே போய்ப் பேர் குறித்தனுப்பினார்கள். காரியாலயச் சிப்பந்திகளோ வீட்டிலிருக்கும்படி கட்டளையாயிற்று. நாம் ஏழு வாரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு செக்ரோல் எழுதினோம். சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாந்தேதிக்குள் கொடுத்தாகவேண்டும் என்பது சட்டம். இரண்டு மாதச் சம்பளம் அப்படி எழுதப்பட்டது. இரண்டும் குறித்த தேதிக்கு முன்னரே கொடுக்கப்பட்டன. ஒரு வெள்ளியும் பிசகவில்லை.

நோய் தணிந்தபின் கோலாலம்பூரிலுள்ள எங்கள் தலைமைக் காரியாலயத்தார் பழைய வழிக்குத் திரும்பவில்லை. வாரத்தில் மூன்று நாள் காரியாலயம், இரண்டு நாள் வீடு என்று வைத்துக்கொண்டார்கள். அதில் நமக்குப் பொறாமை இல்லை. பட்டணத்துச் சாலை நெரிசலில் காலையும் மாலையும் அவர்கள் படும் பாடு நாமறிந்ததே. வாயிலில் அட்டையைத் தட்டினால் வருகை பதிவாகும். மாதக் கடைசியில் தட்டுக்களை எண்ணிப் பார்த்து, குறைந்தவர்க்கு ஓலை போகும். சிலர் ஒன்பது மணிக்கு வந்து தட்டிவிட்டு, காப்பி குடித்து, நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டு, பத்தரைக்கு வீடு திரும்புகிறார்களாம். இதற்கு ஆங்கிலத்திலே ‘காப்பி பேட்ஜிங்’ என்று பேரே ஏற்பட்டுவிட்டது. நம் தோட்டத்தில் பெரட்டுக்கு வந்து பேர் போட்டுக்கொண்டு லயத்துக்குத் திரும்பினவரை அந்நாளில் என்ன பேர் சொல்லி அழைத்தார்கள் என்பதை இப்பத்திரிகையில் எழுத இயலாது.

இதில் தோட்டக் கிராணிக்கும் ஒரு பங்கு கிடைத்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்க்கு அலமாரியிலுள்ள கடுதாசி வேண்டியிருந்தால் யாரைக் கேட்பார்? எப்பொழுதும் மேசையில் இருப்பவனை. ‘நீங்கள் ஆபீசில்தானே இருக்கிறீர்கள்? ஒரு படம் எடுத்து அனுப்புங்களேன்’ என்று தொலைபேசி ஒலிக்கும். பின்னணியில் குக்கர் விசிலடிக்கும். அல்லது குழந்தை அழும். அவர் வீட்டிலிருக்கவேண்டுமாயின் யாரோ ஒருவர் காரியாலயத்தில் இருந்தாகவேண்டும். அந்த யாரோ நாமே.

இம்முறை நல்லதா தீயதா என்று உலகமெங்கும் வழக்காடுகிறார்கள். முகம்பார்த்துப் பேசும் கருவியை விற்றுப் பொருளீட்டிய ஸூம் நிறுவனமே, காரியாலயத்துக்கு 50 மைலுக்குள் வசிக்கும் தன் சிப்பந்திகள் வாரம் இரண்டு நாள் நேரில் வரவேண்டுமென்று 2023-இல் கட்டளையிட்டது. அமேசான் 2025 ஜனவரி முதல் ஐந்து நாளும் வரச் சொல்லிற்று. மறுபுறம், சீனத்து டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரைக்கொண்டு ஆறு மாதம் நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 2024-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது. ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்க்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருக்க அனுமதி, இரட்டைப்படையார்க்கு இல்லை. வீட்டிலிருந்தவரின் வேலை குறையவில்லை. வேலையைவிட்டு விலகுவோர் தொகையோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நாமும் பிறந்தது ஒற்றைப்படைத் தேதிதான். பிறந்த இடந்தான் ஷாங்காய் அல்ல.

வேடிக்கை போகட்டும். 2024-ஆம் வருஷக் கடைசியில் நம் தந்தையாரின் சிறுநீரகங்கள் பழுதாயின. வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்தி செய்யவேண்டும். செவ்வாய், வியாழன், சனி என்று பட்டணத்துச் சிகிச்சை நிலையத்தார் நாள் குறித்தார்கள். காலை பத்தரை மணி வேளை கிடைத்தது. தாயார் இல்லை. உடன்பிறந்தாள் ஜொகூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். முதல் மாதம் விடுமுறை நாட்களைக் கரைத்தோம். பின்னர், இப்படியே போனால் வருஷம் முடியுமுன் விடுமுறை முடியுமே என்று கணக்குப் பார்த்தோம். கணக்குப் பார்ப்பதுதானே நம் தொழில்?

சட்டத்தைப் புரட்டினோம். ஆங்கில வழியிற் பயின்றதன் பயன் இவ்வாறான வேளைகளில்தான் தெரிகிறது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வாராந்தர வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்ததோடு, 60P என்றொரு பிரிவையும் சேர்த்திருக்கிறது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்; முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும்; மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். சிங்கப்பூரிலும் 2024 டிசம்பர் 1 முதல் ஏறக்குறைய இத்தகைய நெறிமுறை நடப்பிலிருக்கிறது. அங்கே இரண்டு மாதம். இரண்டிடத்திலும் கேட்பதற்கு வழியுண்டு. கொடுத்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை.

2025 மார்ச் மாதத்தில் ஒரு பக்க விண்ணப்பம் எழுதினோம். பெரட்டுக்கு எல்லா நாளும் வருவோம். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதரைக்குப்பின் சிகிச்சை நிலையத்தில் தந்தையாரின் கட்டிலருகே மடிக்கணினியுடனிருந்து செக்ரோல், சரக்குக் கணக்கு, சம்பளக் கணக்கு ஆகியவற்றைச் செய்வோம். சனிக்கிழமை அரை நாளுக்கு விடுமுறை எடுத்துக்கொள்வோம் என்று கேட்டோம். 2020-இல் ஏழு வாரம் வீட்டிலிருந்து பிழையின்றி நடத்தியதையும் குறிப்பிட்டோம்.

ஐம்பத்தேழாம் நாள் பதில் வந்தது. ‘தங்கள் வேலையின் தன்மை நேரில் இருத்தலைக் கோருவதால் விண்ணப்பத்தை ஏற்பதற்கில்லை.’ வந்த நாள் வெள்ளிக்கிழமை. அனுப்பிய அம்மையாரின் பேருக்குக் கீழே, வெள்ளிக்கிழமைகளில் தாம் வீட்டிலிருந்து பணிபுரிவதாகவும் அவசரமாயின் கைத்தொலைபேசியில் அழைக்கலாமென்றும் அச்சாகியிருந்தது. அவர் தீயவரல்லர்; தந்தையாரின் நலத்தை இரண்டுமுறை விசாரித்தவர். காரணம் சொல்லவேண்டுமென்று சட்டம் சொல்லிற்று. அவரும் ஒரு காரணத்தைச் சொன்னார்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கோபம் மட்டுமாயிருந்தால் தூங்கியிருப்போம். அவ்வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்ற எண்ணம் உறுத்திக்கொண்டேயிருந்தது. விடியுமுன் நினைவு வந்தது. அது நாம் சொன்ன வாக்கியம்.

2023-இல் ஒருநாள், உதிரிப்பழம் பொறுக்கும் ஆட்களுள் ஒரு பெண்பிள்ளை நம் மேசைக்கு வந்தார். வயது நாற்பதிருக்கும். லயத்தை இடித்தபின் தோட்டத்துக்கு வெளியே இரண்டு மைலில் மலிவு விலை வீடொன்றில் குடியிருப்பவர். கணவர் இரவு லோரி ஓட்டுகிறவர்; காலை எட்டுக்கு முன் வீடு திரும்பார். மகளைத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பில் சேர்த்திருந்தார். பள்ளி வேன் ஆறு இருபத்தைந்துக்கு வரும். பெரட்டோ ஆறு மணிக்கு.

‘கிராணி ஐயா, பிள்ளைய வேன்ல ஏத்திட்டு நேரா நெரைக்கே போயிடுறேன். ஆறே முக்காலுக்குத்தானே வேலை ஆரம்பம்? மண்டோர் அங்கேயே பேர் போட்டுடட்டும்’ என்றார்.

‘அது முடியாதம்மா. இது ஆபீஸ் வேலையில்லை. இந்த வேலைக்கு ஆள் நேரில் வந்து நின்றாகவேண்டும்’ என்றோம்.

அவர் கேட்டது வேலையிலிருந்து விலக்கன்று. ஒரு நிமிஷமும் குறையாமல் வேலை செய்கிறேன், களத்தில் நிற்கும் அந்த முக்கால் மணி மட்டும் வேண்டாம் என்பதே அவர் கோரிக்கை. நாம் விண்ணப்பம் எழுதச் சொல்லவில்லை, 60 நாள் எண்ணவில்லை, துரையிடம் கொண்டுபோகவுமில்லை. தலையை நிமிர்த்தாமலே சொல்லி அனுப்பினோம். அவ்வாரத்தில் இருமுறை அவர் பிந்தி வந்தார். இருமுறையும் பேர் விழவில்லை. அதன்பின் பிந்தவில்லை. ஏற்பாடு செய்துகொண்டார் போலும் என்று நாமும் மறந்துவிட்டோம்.

மறுப்பு வந்ததற்கடுத்த வாரம், சிகிச்சை நிலையத்தில் ஒருநாள் மட்டும் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். விடுமுறை எடுத்துக்கொண்டு தந்தையாரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஆறேகால் மணி, நம் நாட்டில் அது இரவேயன்றி வேறில்லை. சாலைத் திருப்பத்தில் வண்டி விளக்கு பஸ் கொட்டகைமேல் விழுந்தது. உள்ளே ஒரு சிறுமி, பள்ளிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தனியே நின்றிருந்தாள். வெளிச்சம் பட்டதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அறியாத வண்டி வந்தால் ஒதுங்கவேண்டுமென்று தாய் கற்பித்திருப்பார்.

‘யாரு பிள்ள இது, இந்நேரத்துல?’ என்றார் தந்தையார்.

நமக்குத் தெரிந்திருந்தது. வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, வேன் வரும்வரை விளக்கை அணைக்காமல் இருந்தோம். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தையும் பிள்ளை நம் வண்டியைப் பார்த்து அஞ்சியே கழித்திருக்கக்கூடும் என்பது பிற்பாடுதான் தோன்றிற்று.

பெரட்டே வேண்டாம் என்று நாம் சொல்லவரவில்லை. ஒருநாள் வரிசையில் நின்ற குலைவெட்டி ஒருவர் குரல் கொடுத்தார். ஆனால் குரலில் ஏதோ குறை. கிட்டப்போய்ப் பார்த்தால் ஜுரம் நெருப்பாய்க் கொதித்தது; டெங்கி. காட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ? முகம் காட்டும் கருவி அவருக்கு ‘ஒன்று’ போட்டிருக்கும். புதிதாய் வந்தவர், பாஷை தெரியாதவர், இரவில் அடிபட்டவர், இவர்களையெல்லாம் கண்ணால் பார்க்கும் ஒரு வேளை தோட்டத்துக்கு வேண்டியதே. எந்த வேலைக்கு ஆள் நேரில் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வேலையைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். நாங்களோ ஆளைப் பார்த்துச் சொல்லுகிறோம். பட்டணத்தார் கிராணியைப் பார்த்துச் சொன்னார்கள். கிராணி பழம் பொறுக்குகிறவரைப் பார்த்துச் சொன்னான். இந்த ஏணியில் மேற்படியில் இருப்பவனை மட்டும் குறைசொல்லி ஒரு கட்டுரை எழுதுவது நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

மறுநாள் துரையைப் பார்த்தோம். துரையென்றால் வெள்ளைக்காரரல்லர், இந்நாட்டவரே, பேர் மட்டும் பழைய பேர். ‘உமது விண்ணப்ப விஷயந்தானே? தலைமைக் காரியாலயத்தின் முடிவை நான் மாற்ற இயலாது’ என்று அவரே முந்திக்கொண்டார். அதுவன்று என்று சொல்லி, அந்த அம்மாளின் கதையைச் சொன்னோம். இரண்டு வருஷத்துக்குமுன் நாம் சொன்ன பதிலையும் சொன்னோம். சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். ‘2020-இல் நிரையில்தானே பேர் போட்டோம்?’ என்றார். ‘ஆம்’ என்றோம். ‘ஒரு மாதம் பாரும். பழத்தின் நிறை குறைந்தால் நிறுத்திவிடும்.’

அந்த அம்மாளிடம் சொன்னபோது மகிழ்ச்சியோடு நன்றி கூறுவாரென்று எதிர்பார்த்திருந்தோம் என்பதை ஒளிப்பானேன்? அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்து, ‘பிள்ள இப்ப மூணாவது போறா, ஐயா’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாதம் கழிந்தது, நிறை குறையவில்லை. பின்னர் வேறு மூவர் வந்து கேட்டார்கள். அவர்களுள் ஒருவர், படுத்த படுக்கையாயிருக்கும் மாமியாருக்குக் காலைக் கஞ்சி ஊட்டிவிட்டு வரவேண்டியவர். துரை தலையசைத்தார். ஆண்டுக் கணக்குப் பரிசோதனைக்கு வருவோர் இதைக் கேள்வி கேட்கக்கூடும். பதிலை எழுதி வைத்திருக்கிறோம்.

நம் விஷயம் வேறு வழியாய் முடிந்தது. சிகிச்சை நிலையத்தில் மாலை வேளை ஒன்று காலியாயிற்று. ஐந்து மணி முதல் ஒன்பது வரை. முதியவருக்கு அது களைப்பு. வீடுவந்து சேரப் பத்தாகும். நமக்கு மறுநாள் ஆறு மணிக்குப் பெரட்டு. எனினும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்து, மடியிலே கணினியை வைத்துக்கொண்டு, அன்றைய செக்ரோலை முடித்துவிடுகிறோம். பகலிலே அவ்விடத்தில் செய்யலாகாதென்று மறுக்கப்பட்ட அதே வேலை, வேலைநேரம் முடிந்தபின் அவ்விடத்திலேயே நடைபெறுகிறது. இதற்குத் தலைமைக் காரியாலயம் ஆட்சேபம் தெரிவித்ததில்லை. இரவு எட்டு மணிக்கு அனுப்பிய கணக்குக்கு ஒருமுறை நன்றி கூறிப் பதிலும் வந்தது.

தந்தையார் பெரும்பாலும் கண்மூடிப் படுத்திருப்பார். இயந்திரம் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். நாம் கணினியை மூடும் ஓசை கேட்டதும் கேட்பார்:

‘இன்னிக்கு எத்தன பேரு?’

‘தொண்ணூற்றாறு, அப்பா. நாலு பேர் நிரையில.’

‘அர?’

‘அரை இல்லை.’

தலையை ஆட்டுவார். அதற்குள் தாதி ஊசியை எடுக்க வந்துவிடுவாள்.